அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த நான்கு பதில்கள்

“உங்க அம்மா எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?” என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

“ஆறாம் ஆண்டு” என்றேன். யோசிக்கவே இல்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அவருடைய பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். நான்கு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். மூத்த பெண் அவர்தான். அப்பா இரண்டு வருடம் போனார். தன் பெயரை எழுதுவார், பெயர்ப்பலகையில் இருக்கும் பெரிய எழுத்துகளை மெதுவாகப் படிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் நான்தான் பிரித்துப் படித்தேன், எல்லா விண்ணப்பப் பாரத்தையும் நான்தான் நிரப்பினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

ஆனால் அந்த வார்டில், பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் விழும்படி, என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவர் எதற்காக அதைக் கேட்டார் என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும்.

அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். வீடு கிள்ளானில். விடிவதற்கு முன்பே எழுந்து கொமுட்டர் ரயில் பிடிக்க நடப்பார். அன்று வெள்ளிக்கிழமை. ஸ்டேஷனுக்கு நூறு அடி இருக்கும்போது மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் அவருடைய பையைப் பிடித்து இழுத்தார்கள். பையின் வார் தோளுக்குக் குறுக்கே கிடந்ததால் பையோடு அம்மாவும் போனார். வார் அறுந்த இடத்தில் விழுந்தார். தலையின் வலப்பக்கம் ரோட்டோரச் சாக்கடையான லோங்காங்கின் சிமெண்ட் விளிம்பில் மோதியது.

எழுந்தார். சேலையைத் தட்டிக்கொண்டார். ரயில் ஏறி வேலைக்கும் போய்விட்டார். போன் இடுப்பில் செருகியிருந்ததால் பிழைத்தது. கடையில் இருந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்.

“அந்தப் பைக்குள்ள என்னாடி இருந்துச்சு? ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, ஒரு தைலம். இதுக்குப் போயி மாட்ட இழுக்கிற மாதிரி இழுத்தானுங்க!”

“தலையில அடியாம்மா?”

“லேசா வீங்கியிருக்கு லா. கடைக்காரர்கிட்ட தைலம் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

“கிளினிக் போங்க.”

“ஆடி வெள்ளி. இன்னிக்குக் கூட்டம் எப்படின்னு தெரியுமா ஒனக்கு? போன வை.”

அவர் திட்டிய விதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலக மேசையில் போய் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குக் கடையின் கல்லாவில் இருக்கும் அண்ணன் கூப்பிட்டார். அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். எழுப்பினால் எழவில்லை.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு சீனர், நரைத்த தலை. திரையில் படத்தைக் காட்டினார். மண்டை ஓட்டுக்குள் வலப்பக்கம் வெள்ளையாக ஏதோ புடைத்திருந்தது, பாதியாகப் பிளந்த மாங்கொட்டை அளவுக்கு. எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது, அது மூளையை அமுக்குகிறது என்றார். அம்மாவின் வலது கண்மணி ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. எலும்பைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டு, எலும்பைத் திரும்ப வைத்துவிடுவார்கள். செய்வதை இப்போதே செய்ய வேண்டும்.

“இடது பக்கத்துலயும் ஒரு மெல்லிய கசிவு இருக்கு. அத இப்போ தொட வேண்டாம். கவனிச்சுக்கலாம்” என்றார்.

சம்மதப் பாரத்தை நீட்டினார்கள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். போனில் கூப்பிட்டேன்.

“நீ முழுசாப் படிச்சுப் பாத்தியா?” என்று அவர் கேட்டார்.

“பாத்தேன்பா.”

“அப்பப் போடு.”

போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாக விழுந்தது. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று மணி நேரம் ஆனது. அப்பா பளபளக்கும் பச்சை மேல்சட்டையும் இரும்பு முனை வைத்த பூட்ஸுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் ஒருவர் வந்து பிளாஸ்டிக் பையில் அம்மாவின் தாலியையும் மூக்குத்தியையும் கொடுத்தார். இன்னொரு பையில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அம்மாவின் முடி. தமிழ் மிஸ்ஸி. “சில பேரு கேப்பாங்க, அதான் எடுத்து வச்சேன்” என்றார். அப்பா அதை வாங்கி மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தார்.

அறுவை நன்றாக முடிந்தது. இரண்டு நாள் மூச்சுக்குழாயோடு இருந்தார். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்றுதான் அந்த இளம் டாக்டர் வந்து அம்மாவின் படிப்பைப் பற்றிக் கேட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், மலாய்க்காரப் பெண். கையில் எப்போதும் ஒரு பேனா, பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச்.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு என்று அவர் எனக்கு விளக்கினார். கண் திறப்பது, பேசுவது, சொன்னபடி கை கால் அசைப்பது, மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் பதினைந்து. தினமும் காலையில் அம்மாவிடம் அதே நான்கு கேள்விகளைக் கேட்பார். இது என்ன இடம்? இது எந்த வருடம்? எந்த மாதம்? பிரதமர் யார்?

முதல் நாள் அம்மா இடத்தைக் கேட்டதற்கு “கட்டில்” என்றார். வருடத்துக்கு உதட்டைப் பிதுக்கினார். மாதத்துக்கு “ஆடி” என்றார். பிரதமருக்கு எப்போதோ பதவியில் இருந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். டாக்டர் ‘குழப்பம்’ என்று மலாயில் எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். பதினைந்துக்குப் பதினான்கு.

அன்று ஆடி மாதம்தான். அடிபட்ட அன்று ‘ஆடி வெள்ளி’ என்று அம்மா சொன்னதுகூட எனக்கு நினைவில்லை. போனில் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், திருத்தவில்லை. “வருஷம்? ஆறாம் ஆண்டு படிச்சவங்களுக்கு வருஷம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?” என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் “ஆமாம்” என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டியம்மா. மிஷன் பள்ளியில் படித்தவர், ரயில்வே குடும்பம். அவருக்கும் தலையில் அறுவைதான். டாக்டர் மலாயில் கேட்டால் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், கிழமையைக்கூடச் சேர்த்து. அவரைப் பார்த்துக்கொண்ட மருமகள் ஆன்டி, இரண்டாம் நாள் காலை என் பக்கம் குனிந்தார்.

“ஒங்கம்மாவுக்கு இன்னும் வருஷமே தெரியலையாமே? பாவம். எங்க மாமி எம்பது வயசு. பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு.”

“எங்கம்மாவும் வாங்குவாங்க ஆன்டி” என்றேன்.

அன்று மாலையே பாடம் தொடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த வழி அதுதான். நான் எல்லாப் பரீட்சையையும் அப்படித்தான் தாண்டினேன்: கேள்வி என்ன வரும் என்று தெரிந்துகொள், பதிலை மனப்பாடம் செய், அதே வரிசையில் எழுது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்தேன். கட்டை விரல், ஆஸ்பத்திரி. ஆள்காட்டி விரல், வருடம். நடு விரல், ஜூலை. மோதிர விரல், பிரதமரின் பெயர்.

“ஆடின்னா தப்பா?” என்றார் அம்மா.

“தப்பில்லமா. டாக்டருக்கு ஆடி தெரியாது.”

“அப்ப அவங்களுக்குத்தான் குழப்பம்.”

இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் சொல்லிப் பார்த்தார். ஒன்று விட்டுப்போனதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆறாம் ஆண்டு படிச்சவளுக்கு இதுகூட வர வேணாமா?” என்றார். நான் டாக்டரிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. புதுச் சேலை கட்டிக்கொண்ட நாளில் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

மறுநாள் காலை நான்கு கேள்விக்கும் நான்கு சரியான பதில். பதினைந்து. டாக்டர் அம்மாவின் தோளைத் தட்டினார். நாளைக்கும் இப்படியே இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் பக்கத்து ஆன்டியைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று பகல் முழுவதும் அம்மா தூங்கினார். அறுவை முடிந்த உடம்பு, தூங்கட்டும் என்று விட்டேன். மாலையில் அப்பா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். டீசல் வாடையும் வேர்வையுமாக இருந்தார். சாதாரண நாளில் அம்மா அவரைக் கட்டில் பக்கமே விடமாட்டார். அன்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். “வாங்க” என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

அப்பா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“இவ சரியில்ல பாப்பா.”

“ஏன்பா?”

“என்னைத் திட்டல. நேத்து வந்தப்பக்கூட, ‘பூட்ஸோட வந்து நிக்கிறியே, இது என்ன ஒங்க லோரி யார்டா’ன்னா. இன்னிக்கு வாங்கங்கிறா. என்னைப் போயி வாங்கன்னு சொல்றா.”

“டயர்டா இருக்காங்கப்பா.”

“டயர்டு வேற. இது வேற. டாக்டர்கிட்ட சொல்லு.”

“என்னன்னு சொல்றது? எங்கம்மா எங்கப்பாவைத் திட்டலன்னா? டாக்டர் காலையில டெஸ்ட் பண்ணிட்டாங்க. பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு. ஒங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். ‘ஒங்களுக்குப் புரியாது’ என்பதை எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன், பாரம் நிரப்பும்போது, கடிதம் படிக்கும்போது. ஒவ்வொரு முறையும் அவர் நகர்ந்து வழிவிடுவார். அன்றும் அப்படித்தான் படியிறங்கிப் போனார்.

அறுவை முடிந்த எட்டாம் நாள் காலை. கஞ்சி வந்தது. அம்மா கரண்டியை எடுத்தார். அது விரலிலிருந்து நழுவிப் போர்வைமேல் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. வலது கை. அடிபட்டதும் திறந்ததும் வலப்பக்கம். வலப்பக்க மூளை இடது கையைத்தான் ஆட்டுவிக்கும் என்று எனக்குத் தெரியும், பள்ளியில் படித்திருக்கிறேன். வலது கைக்கு என்ன வந்தது? கரண்டியை வாங்கி நானே ஊட்டினேன். இரண்டு வாய்க்குமேல் வேண்டாம் என்றார். தலை வலிக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

டாக்டர் வந்தார். பின்னால் இரண்டு மருத்துவ மாணவர்கள்.

“ஆன்டி, இது என்ன இடம்?”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. “ஆஸ்பத்திரி” என்றார். நிறுத்தவில்லை. வருடத்தைச் சொன்னார், ஜூலை என்றார், பிரதமரின் பெயரைச் சொன்னார். ஒரே மூச்சில் நான்கும். கேட்டது ஒரு கேள்விதான்.

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். “பார்த்தீங்களா, மனப்பாடமே பண்ணிட்டாங்க. தினமும் கேட்டா அப்படித்தான்.” எழுதினார். மத்தியானம் கடிதம் தயாராகிவிடும், அழைத்துக்கொண்டு போகலாம், இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்றார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகலாம். எனக்கு வேண்டியது அதுதான். மிஷன் பள்ளிப் பாட்டியம்மா இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். அதற்குள் நாங்கள் போய்விடுவோம். அம்மாவைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வைமேல் வலது உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல. நேற்று மாலை அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டர் மூன்றாவது கட்டிலுக்குப் போய்விட்டார். நான்காவதுக்குப் போனால் அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விடுவார்.

“டாக்டர்” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

திரும்பினார்.

“அது என் பதில். அம்மாவோடது இல்ல.”

“என்ன?”

“நான் சொல்லிக்கொடுத்தேன். நாலும் நான் சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்கு வருஷம் தெரியாது. அடிபட்டதுக்கு முன்னாடியும் தெரியாது. எப்பவுமே தெரியாது. அவங்க பள்ளிக்கூடம் போனதே இல்ல. ஆறாம் ஆண்டுன்னு நான் பொய் சொன்னேன்.”

மலாயில் சொன்னேன். வார்டில் மலாய் தெரியாதவர் யாரும் இல்லை. பக்கத்துக் கட்டில் ஆன்டி பழம் நறுக்குவதை நிறுத்தினார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தார். “எப்போதிலிருந்து தூங்கறாங்க?” நேற்றுப் பகலிலிருந்து என்றேன். “வேறென்ன?” கரண்டியைச் சொன்னேன். அப்பாவை ‘வாங்க’ என்று கூப்பிட்டதையும் சொன்னேன். அதை எப்படி மலாயில் சொல்வது என்று தடுமாறி, “எப்பவும் திட்டுவாங்க, நேத்து மரியாதையாப் பேசினாங்க” என்றேன். மாணவர்கள் சிரிக்கவில்லை.

அம்மாவை உட்கார வைத்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். பலமுறை சொன்ன பிறகு நீட்டினார். இடது கை நின்றது. வலது கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அம்மாவுக்கு அது இறங்குவதே தெரியவில்லை.

“உங்க அம்மாவுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க” என்றார் டாக்டர். “நீங்க சொல்லிக்கொடுக்காதது. அவங்க தினமும் செய்யறது.”

வாயைத் திறந்தேன். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டின் அரிசி போடுவார்? தெரியாது. எந்த அடுப்பில் என்ன வைப்பார்? தெரியாது. அந்தக் கடைச் சமையலறைக்குள் நான் போனதே இல்லை. அவருக்கு என்ன தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்ன தெரியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அப்பாவைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். துறைமுகத்தின் நுழைவாயிலில் வரிசையில் நின்றிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம். டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

அவர் யோசிக்கவில்லை. “கிள்ளான்ல ஏறுனா எத்தனாவது ஸ்டேஷன்ல எறங்குவான்னு கேளு. போர்டு படிக்க வராதுல்ல அவளுக்கு. விரல விட்டு எண்ணிக்கிட்டேதான் போவா. நடுவுல புதுசா ஒரு ஸ்டேஷன் தொறந்தாங்கல்ல, அன்னிக்கு ஒண்ணு முன்னாடியே எறங்கிட்டு, போன்ல என்னைக் கிழி கிழின்னு கிழிச்சா. என்னமோ நான் போயிக் கட்டுன மாதிரி.”

எத்தனை வருடமாக அம்மா அந்த ரயிலில் போகிறார். அறிவிப்பைக் கேட்டு இறங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“பதில் என்னப்பா?”

“பதினாலு.”

நான் அம்மாவின் முகத்துக்கு அருகில் குனிந்தேன். “அம்மா. கொமுட்டர்ல கிள்ளான்ல ஏறினா, எத்தனாவது ஸ்டேஷன்ல எறங்கணும்?”

அம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சரியாகச் சொல்ல வேண்டும் என்ற கவனம் அந்த முகத்தில் இருந்தது. கட்டை விரலை லேசாக அசைத்தார்.

“ஜூலை” என்றார்.

போனில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா, “நான் வரேன்” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். அரை மணி நேரத்தில் ஸ்கேன். அந்த மெல்லிய கசிவு இடப்பக்கம் முழுவதும் பரவி, மூளையை நடுக்கோட்டைத் தாண்டித் தள்ளியிருந்தது. நரைத்த தலை நிபுணரே வந்தார். இந்த முறை எலும்பைத் திறக்க வேண்டாம், இரண்டு துளை போட்டுக் குழாய் வைத்து வடிக்கலாம் என்றார். வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, “இங்க கையெழுத்துப் போடுங்க” என்றார். இரண்டாவது கையெழுத்து கோணலாக விழுந்தது.

அப்பா வந்தபோது கதவு மூடியிருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாம் ஆண்டிலிருந்து. கேட்டுக்கொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

“நேத்தே சொன்னேன்” என்றார்.

“ஆமாப்பா.”

“சரி. இனிமே நான் சொன்னா அதையும் எழுதிக்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குழாய் இரண்டு நாள் இருந்தது. கறுத்த எண்ணெய் மாதிரி வடிந்தது, பிறகு தெளிந்தது. முதல் நாள் அம்மா பேசவே இல்லை. இரண்டாம் நாள் கண் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் என்று கேட்டார். நான் ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊட்டும்போதுகூட “இது கஞ்சி” என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். அம்மா எதையாவது தேடித் தவிக்கும்போது சும்மா இருப்பது, நான் எழுதிய எந்தப் பரீட்சையையும்விடக் கடினமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பழைய வார்டுக்கு, அதே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் கீழே போய் மைலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்துக் கட்டில் ஆன்டி அம்மாவின் தலைமாட்டில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தன் மாமியாரிடம் போய்விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் வந்துகொண்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பல நாள் கழித்து வருகிறது.

“ஏன்டி” என்றார். குரல் மெலிந்திருந்தது, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தார். “நான் பள்ளிக்கூடம் போகலன்னு… இங்க இருக்கிற அத்தன பேருக்கும் முன்னாடி கத்திச் சொன்னியாமே.”

கையில் மைலோவோடு நின்றேன். டாக்டர் கட்டிலுக்கு வந்துவிட்டார். அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றார் ஆவலாக.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதிலிருந்து அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று, தேவைப்பட்ட இடத்தில் கூட்டியும் குறைத்தும்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே மலாயில் சொன்னேன்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். நான்கு கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை. “ஆன்டி, உங்க மக சொன்னது உண்மையா?” என்றார்.

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா கடைத்தெருவில் பழகிய தன் பாசார் மலாயிலேயே நேராக அவரிடம் பேசினார்.

“உண்மைதான். ஆனா அத நான் சொல்லணும். அவ சொல்லக் கூடாது.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. வலது கைக்குப் பயிற்சி கொடுக்க நாளை ஆள் வருவார், பல மாதம் பிடிக்கும், முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அம்மா கேட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. தலையணையைத் தூக்கி வைக்க, தண்ணீர் குடிக்க, போர்வையை இழுத்துவிட, எல்லாவற்றுக்கும் மிஸ்ஸியைத்தான் கூப்பிட்டார். “மிஸ்ஸி!” ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் தெளிவாக. நான் ஒரு கை தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி வந்து என்னை ஒரு மாதிரி பார்ப்பார். “மக இருக்காங்களே, அவங்கள கேக்கலாம்ல?” என்பார்.

“அவளுக்கு வேற வேல இருக்கும்” என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடி.